இயல்புநிலை திரும்பும் வரை

நகரக் குடிநீர்த் துறையின் மூன்றாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய இரண்டாவது மேஜை எழுத்தரம்மாவுடையது. அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். குழாய் உடைந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை, வந்தாலும் கலங்கலாக வருகிறது என்று யார் வந்து சொன்னாலும் அதைக் கணினியில் கட்டம் கட்டமாகப் பதிய வேண்டும். மாதம் பிறந்தால் ஒரு புதுத் தாள் திறக்க வேண்டும். ஒன்பது வருடமாக முகம் சுளிக்காமல் செய்து வந்தார்.

அவரைப் படுத்தியதெல்லாம் அந்தப் புதுத் தாள்தான். திறந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. கட்டங்களோ ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு, நெரிசல் பேருந்தில் நிற்பவர்களைப் போல ஒடுங்கிக் கிடக்கும். ‘மூன்றாம் தெரு, சலவைக்கடைக்கு எதிர்ப்புறம்’ என்று அடித்தால் ‘மூன்றாம் தெ’ வரைதான் வெளியே தெரியும். தேதி இன்னும் மோசம். கட்டம் போதவில்லை என்றால் தேதிக்குப் பதிலாக வேலி போட்ட மாதிரி ##### என்று குறிகள் வந்து நிற்கும். ஒவ்வொரு மாதமும் முதல் நாள் அரைப்பொழுது இதைப் பெரிதாக்கி, அதை அகலமாக்கி, தாளை ஆளாக்குவதிலேயே போய்விடும். அப்புறம் அது மேலே போகும்போது மேலே இருப்பவர்கள் அதை நகலெடுத்து வேறொரு புதுத் தாளில் ஒட்டுவார்கள். அங்கே மறுபடியும் எறும்பு, மறுபடியும் வேலி.

ஒருநாள் காலை தேநீர் குடிக்கும்போது இதைக் கணவரிடம் சொன்னார். கணவர் தையல்காரர். பேசும்போதும் கழுத்தில் அளவு நாடா தொங்கும்.

“மாசாமாசம் ஒரே அளவுதானே?” என்று கேட்டார் தையல்காரர்.

“ஒரே அளவுதான்.”

“அப்ப அளவை ஒருதரம் எழுதி வச்சுட்டு வெட்ட வேண்டியதுதானே. வாடிக்கைக்காரருக்கு ஒவ்வொரு சட்டை தைக்கும்போதும் ஆளைக் கூப்பிட்டு கழுத்தை அளந்துட்டா இருப்பேன்?”

எழுத்தரம்மாவுக்கு மனசில் சுருக்கென்றது. அலுவலகம் போனதும் கணினியின் உதவிப் பக்கத்தைத் தேடிப் படித்தார். விஷயம் ரொம்ப எளிதாக இருந்தது. ஒரு வெற்றுத் தாளை நம் விருப்பப்படி அமைத்து, குறிப்பிட்ட பெயரில், குறிப்பிட்ட கோப்புறையில் போட்டு வைத்துவிட்டால் போதும். அதன் பிறகு எந்தப் புதுத் தாளைத் திறந்தாலும் அந்த அமைப்பிலேயே பிறக்கும். எழுத்தின் அளவைப் பதினான்கு ஆக்கினார். கட்டங்களை அகலப்படுத்தினார். நீளமான முகவரி தானாக மடிந்து அடுத்த வரிக்கு இறங்கும்படி செய்தார். தலைப்பு வரிசைக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக வெளிர் பச்சை பூசினார். சேமித்தார். மேஜையில் இருந்த தேநீரில் அப்போதும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்தக் கோப்புறை அவர் கணினிக்கு மட்டும் சொந்தமானதல்ல, கட்டிடம் முழுவதற்கும் பொதுவானது என்பது அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. அதை அமைத்துக் கொடுத்தவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது.

மறுநாள் காலை நான்கு மாடிகளிலும் நூற்று நாற்பது கணினிகளில் புதுத் தாள் பதினான்கு அளவு எழுத்தோடும் பச்சைத் தலையோடும் திறந்தது. ஆள் ஆளுக்கு மகிழ்ந்தார்கள். முதல் மாடியில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பார்வை திரும்பிவிட்டதாக வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். அந்த மகிழ்ச்சி பதினோரு மணி வரை நீடித்தது.

பதினோரு மணிக்கு இணை இயக்குநர் தமது அறையில் மாத அறிக்கையைத் திறந்தார். குடிநீர்ப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. எதையும் நின்றுகொண்டு படிப்பார்; உட்கார்ந்து படித்தால் அது வேலை மாதிரி தெரியும் என்பது அவர் எண்ணம். முதலில் அவர் கண்ணில் பட்டது பச்சை. இரண்டாவது மாடியில் இருக்கும் கழிவுநீர்ப் பிரிவின் நிறம் பச்சை. கோப்பு, முத்திரை மை, வாசல் மிதியடி எல்லாம் அவர்களுக்குப் பச்சை. குடிநீருக்கு நீலம். இந்த எல்லையை வகுக்க இருபது வருடத்துக்கு முன்னால் இரண்டு அதிகாரிகள் பேச்சை முறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இணை இயக்குநர் உடனே எல்லா மாடிகளுக்கும் ஒரு அவசரக் குறிப்பு அனுப்பினார். ‘குடிநீர்ப் பிரிவில் கழிவுநீர்ப் பிரிவு கலந்திருப்பது இன்று காலை கண்டறியப்பட்டுள்ளது. எவ்வாறு கலந்தது என்பது விசாரிக்கப்படும்.’

அந்தக் குறிப்பு மதியத்துக்குள் ஒரு பத்திரிகை நிருபர் கைக்குப் போய்விட்டது. மாலைப் பதிப்பில், குடிநீரில் கழிவுநீர் கலந்ததை அதிகாரியே ஒப்புக்கொண்டார் என்று முதல் பக்கத்தில் வந்தது. ஊர் முழுக்கத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள். பள்ளிகளில் குழந்தைகளைக் குழாய்ப் பக்கம் விடவில்லை. மறுநாள் துறை ஒரு மறுப்பு வெளியிட்டது. ‘கலப்பு தாளில் மட்டுமே நிகழ்ந்துள்ளது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது பற்றித் துறைக்குத் தகவல் இல்லை.’ அதைப் படித்த பிறகு, முதல் நாள் கொதிக்க வைக்காதவர்களும் கொதிக்க வைத்தார்கள்.

எழுத்தரம்மாவுக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. துறையின் சொற்பட்டியலில், கணினி தானாகவே வைத்துக்கொள்ளும் அமைப்புக்கு ‘இயல்புநிலை’ என்று பெயர். அதனால் ஓலை இப்படி ஆரம்பித்தது: ‘தாங்கள் இந்த அலுவலகத்தின் இயல்புநிலையைக் குலைத்ததாகத் தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் காரணம் கூற வேண்டும்.’

மாலையில் தையல்காரர் அதைப் படித்துவிட்டு மனைவியிடம் திரும்பினார்.

“ஏதாவது கலவரம் பண்ணினியா?”

“எழுத்தைப் பெருசாக்கினேன்.”

“அவ்வளவுதானா?”

“கொஞ்சம் பச்சை.”

“பச்சையை நான் சொல்லலையே. நான் அளவு மட்டும்தானே சொன்னேன்” என்று தையல்காரர் முன்கூட்டியே தன்னை விலக்கிக்கொண்டார்.

மறுநாள் எழுத்தரம்மா நேராக இணை இயக்குநரின் அறைக்குப் போனார். ஒளிந்துகொள்வது அவருக்குப் பழக்கமில்லை.

“சார், பண்ணினது நான்தான். அந்த ஒரு கோப்பை அழிச்சுட்டா எல்லாம் பழையபடி ஆயிடும். இப்பவே அழிச்சுட்டு வந்துடறேன்.”

இணை இயக்குநர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். “அழிக்கிறதா? அம்மா, அது ஆதாரம். விசாரணை நடக்கும்போது ஆதாரத்தை அழிச்சா என்ன தண்டனை தெரியுமா?”

“தெரியாது சார்.”

“எனக்கும் தெரியாது. அதுக்கும் ஒரு குழு போட வேண்டியிருக்கும். தயவுபண்ணி அது பக்கமே போகாதீங்க.”

அன்று மாலை இரண்டு ஆணைகள் வந்தன. முதலாவது, அந்தக் கோப்பை யாரும் தொடவோ திருத்தவோ நீக்கவோ கூடாது என்றது. இரண்டாவது, இயல்புநிலை திரும்பும் வரை துறையில் எவரும் புதிய விரிதாள் எதையும் திறக்கக் கூடாது என்றது. அதோடு இயல்புநிலை மீட்புக் குழு ஒன்றும் அமைக்கப்பட்டது. தலைவர் இணை இயக்குநர். உறுப்பினர்கள் ஆறு பேர். ஆலோசகராக, ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமான முன்னாள் இணை இயக்குநர் ஒருவர். கணினியைத் தொட்டதே இல்லை என்பதால் அவரிடம் சார்பு இருக்காது என்று கோப்பில் எழுதப்பட்டது.

நான்கு நாள் கழித்து மாதம் பிறந்தது. எழுத்தரம்மாவிடம் புதுத் தாள் இல்லை. போன மாதத் தாளில் இந்த மாதப் புகாரைப் பதிந்தால் அது போன மாதப் புகாராகி, தாமதம் என்று பெயர் வாங்கிவிடும், அதற்கும் தடை. அன்று முதல் ஆளாக வந்து நின்றார் சலவைக்கடைக்காரர். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு மூட்டை.

மூன்றாம் தெருவில் அவருடைய கடை. இரண்டு விடுதிகளுக்கும் ஒரு மருத்துவமனைக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பவர். கடையில் நான்கு பெண்கள் இஸ்திரி போடுகிறார்கள். பதினோரு மாதமாகத் தெருவில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. போன வாரத்தோடு அந்த நூலும் அறுந்துவிட்டது.

“குழாய் எங்கேயோ பூமிக்குள்ள உடைஞ்சிருக்கும்மா. மருத்துவமனையில இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் பாப்போம்னுட்டாங்க. அதுக்கப்புறம் வேற கடைக்குப் போயிடும். நாலு பேருக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். “மூட்டையை அவிழ்த்துக் காட்டட்டுமா? பாத்தாப் புரியும். மோந்தா இன்னும் நல்லாப் புரியும்.”

“வேண்டாங்க, புரியுது” என்றார் எழுத்தரம்மா. “பதியறதுக்குத் தாள் இல்லை. பதியாம எண் கிடைக்காது. எண் இல்லாம மேஸ்திரி ஆட்களைக் கூட்டிட்டு வரமாட்டார்.”

“தாள் எப்ப வரும்?”

“இயல்புநிலை திரும்பினதும்.”

“ஊர்ல என்னம்மா பிரச்சினை? நான் ஒண்ணும் கேள்விப்படலையே.”

எழுத்தரம்மா விளக்கினார். சலவைக்கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எழுத்தைப் பெருசாக்கினதுக்கா?” என்று மறுபடி முதலிலிருந்து கேட்டார். பிறகு தினமும் மூட்டையோடு வந்து வராந்தா பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். மூன்றாம் நாளிலிருந்து மூன்றாம் மாடிக்காரர்கள் எல்லோரும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார்கள்.

குழு வாரம் இருமுறை கூடியது. முதல் கூட்டத்தில், கூட்டக் குறிப்பை எழுத ஒரு புதுத் தாள் வேண்டும் என்பதும் அதற்குத் தடை இருப்பதும் தெரியவந்தது. விதிவிலக்கு கேட்டு, தலைவர் தமக்குத் தாமே விண்ணப்பித்துத் தாமே நிராகரித்தார். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்பதில் அவர் கறாரானவர். இரண்டாம் கூட்டத்தில் ஆலோசகர் எழுத்தின் அளவு குறித்து ஒன்றரை மணி நேரம் பேசினார்.

“பதினொண்ணுதான் அடக்கமான எழுத்து” என்றார் ஆலோசகர். “பன்னிரண்டுல கொஞ்சம் துடுக்கு வருது. பதினாலு அதிகாரியோட முகத்தைப் பாத்துப் பேசுது. எங்க காலத்துல கீழே இருந்து வர்ற எந்தத் தாளையும் நாங்க படிச்சதில்லை. அதனாலதான் முடிவுகள் வேகமா எடுக்க முடிஞ்சுது.”

குழு அதைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. பிறகு, வெற்றுத் தாள் மற்ற நகரங்களில் எப்படி இருக்கிறது என்று நேரில் ஆய்வு செய்ய எட்டு நாள் பயணம் போனது. திரும்பி வந்து கொடுத்த அறிக்கை ஒரே வரிதான். ‘அங்கும் தாள் வெற்றாகவே உள்ளது.’

அதற்குப் பிறகுதான் எழுத்தரம்மாவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜையின் அந்தக் கோடியில் எட்டு பேர், இந்தக் கோடியில் அவர். நடுவில் ஒரு தண்ணீர்க் குவளை. பத்திரிகையில் செய்தி வந்த வாரத்திலிருந்து அதை யாரும் தொடுவதில்லை.

“எந்தக் கெட்ட எண்ணத்தோட இதைச் செஞ்சீங்க?” என்று ஒரு உறுப்பினர் ஆரம்பித்தார்.

“படிக்க முடியணும்னு சார்.”

“யாரால?”

“யாராலயும்.”

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இணை இயக்குநர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதட்டலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு பேசினார்.

“அம்மா, நீங்க நல்லவங்க. அதான் பிரச்சினை. நான் இந்த நாற்காலிக்கு வந்து எட்டு வருஷம். ஒரு புகார்கூட தாமதம்னு மேலிடத்துக்குப் போனதில்லை. எப்படின்னு நினைக்கிறீங்க? தேதிக் கட்டத்துல வேலி மாதிரி குறி இருக்குமே, அதை நாங்க ‘நடவடிக்கையில்’னு வாசிப்போம். மேலிடமும் அப்படியே வாசிக்கும். ஆண்டறிக்கையில அதுக்குத் தனி அத்தியாயமே இருக்கு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. நீங்க கட்டத்தை அகலமாக்கினதும் வேலி போச்சு. அதுக்குப் பின்னாடி இருந்து தேதி வருது. பதினோரு மாசத்துக்கு முந்தின தேதி, ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி. வந்து வரிசையா நின்னுக்கிட்டு என்னையே பாக்குது. இதுக்கெல்லாம் யார் பதில் சொல்றது?”

எழுத்தரம்மா யோசித்தார். உண்மையாகவே உதவ வேண்டும் என்றுதான் யோசித்தார்.

“குழாயைச் சரி பண்ணிட்டா பதில் சொல்ல வேண்டியதே இல்லையே சார்.”

ஆலோசகர் காதில் கைவைத்து, என்ன சொன்னாள் என்று பக்கத்து ஆளைக் கேட்டார். அவர் திருப்பிச் சொன்னார். ஆலோசகர் தலையை ஆட்டினார்.

“குழாய் குழுவின் வரம்பில் இல்லை” என்றார் இணை இயக்குநர். “நீங்க போகலாம். அடுத்த விசாரணை மூணு வாரம் கழிச்சு. அதுல உங்களை இடைநீக்கம் பண்றதைப் பத்திப் பேசுவோம்.”

எழுத்தரம்மா வெளியே வந்தார். ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட தாமதமாக வந்தவரில்லை. வராந்தா பெஞ்சில் சலவைக்கடைக்காரர் நகர்ந்து இடம் கொடுத்தார். இருவர் கண்ணும் எதிர்ச்சுவரில் போய் நின்றது. அந்தச் சுவரில்தான் தடை ஆணையை ஒட்டியிருந்தார்கள்.

“அதுல என்னம்மா போட்டிருக்கு? எழுத்து பொடியா இருக்கு.”

எழுத்தரம்மா எழுந்து போய், மூக்கு சுவரில் படுகிற அளவுக்குக் குனிந்து வாசித்தார். “புதிய விரிதாள் எதையும் எவரும் திறக்கக் கூடாது.”

“விரிதாள்னா?”

“விரிச்சு வச்சு எழுதுற தாள்.”

“தாள்தானே கூடாது” என்றார் சலவைக்கடைக்காரர். “விரிப்பு பரவாயில்லையா?”

சும்மா பேச்சுக்குத்தான் சொன்னார். எழுத்தரம்மா திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு ஆணையை இன்னொருமுறை வாசித்தார். துணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. ஆணி, கயிறு, முத்திரை எதைப் பற்றியும் இல்லை.

“உங்க மூட்டையில துவைச்சது ஏதாவது இருக்கா?”

“கடையில ஒண்ணு இருக்கு. தண்ணி நிக்கறதுக்கு முன்னாடி கடைசியாத் துவைச்சது. பெரிய கட்டில் விரிப்பு.”

மறுநாள் மதிய இடைவேளையில் தையல்காரர் நீளமான மர அளவுகோலும் துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டியுமாக மனைவியின் அலுவலகத்துக்கு முதல்முறையாக வந்தார். மாடிப்படித் திருப்பத்தில், சுவர் முழுக்க அந்த வெள்ளை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். வாயில் இரண்டு குண்டூசியைக் கவ்விக்கொண்டு கேட்டார்.

“அளவு சொல்லு.”

“எண்ணுக்கு நாலு விரல். பேருக்கு ஒரு முழம். முகவரி முழுசாத் தெரியணும்.”

“தேதிக்கு?”

“தேதிக்குத் தாராளமா விடுங்க” என்றார் எழுத்தரம்மா.

தையல்காரர் கோடு போட்டார். வளைவில்லாமல், ஒரே இழுப்பில். சலவைக்கடைக்காரர் முதல் வரிசையில் தன் புகாரைத் தடித்த பேனாவால் எழுதினார். எழுத்தரம்மா எண் போட்டு முத்திரை குத்தினார். செய்தி தெருவுக்குத் தெரு பரவி, மாலைக்குள் படிக்கட்டில் வரிசை நின்றது. ஒருவர் ஊதா மை, ஒருவர் சிவப்பு, ஒரு அம்மாள் கண் மை. எழுத்து எல்லாம் கையகலம். கீழ்ப்படியிலிருந்து பார்த்தாலே வாசிக்கலாம்.

மூன்றாம் நாள் காலை, குழாய் மேஸ்திரி ஆட்களோடு வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விரிப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“மூன்றாம் தெரு, சலவைக்கடைக்கு எதிர்ப்புறம்” என்று உரக்க வாசித்தார். “தெருவா இது?”

“தெருதான். ஏன் மேஸ்திரி?”

“எங்களுக்குக் குடுக்கற காகிதத்துல ‘மூன்றாம் தெ’ன்னு மட்டும்தாம்மா இருக்கும். நாங்க மூன்றாம் தெற்கு வீதின்னு நினைச்சுட்டோம். பதினோரு மாசத்துல ஏழு தடவை அங்க போய்த் தோண்டியிருக்கோம். ஒண்ணும் உடைஞ்சிருக்காது. மூடிட்டு வந்துடுவோம். இப்பல்லாம் அந்த வீதியில என் தலையைப் பாத்தாலே வண்டியெல்லாம் எடுத்து உள்ள வச்சுடறாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “பதினெட்டு வருஷ வேலையில, போற இடத்தைப் படிச்சுட்டுப் போறது இதுதான் முதல் தடவை” என்றார்.

அன்று மூன்றாம் தெருவில் தோண்டினார்கள். ஆறடி ஆழத்தில் குழாய் கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. பொழுது சாய்வதற்குள் சலவைக்கடைக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு செம்மண் வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. இஸ்திரிப் பெண்கள் நான்கு பேரும் பெட்டிகளை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தார்கள். பத்து நாளில் விரிப்பிலிருந்த முப்பத்தெட்டு புகாரும் ஒவ்வொன்றாகக் கோடு அடிக்கப்பட்டன. வேலை முடிந்ததும், தடயமில்லாமல் இருக்கட்டும் என்று எழுத்தரம்மா விரிப்பை அவிழ்த்து உரியவரிடமே கொடுத்துவிட்டார்.

மின்தூக்கியிலேயே போய்வந்த குழு இதையெல்லாம் எல்லோருக்கும் கடைசியாகக் கேள்விப்பட்டது. கோபம் வந்ததா என்றால், முதலில் வந்தது. பிறகு ஆலோசகர் ஒரு சந்தேகம் கிளப்பினார்: குழாய்கள் சரியாகியிருப்பதால், யாரோ உத்தரவிட்டிருக்க வேண்டும், அது நாமாக இருக்கலாம். இது இணை இயக்குநருக்குப் பிடித்திருந்தது. ஆனால் எதையும் ஆதாரம் இல்லாமல் ஏற்பவர் அல்லர் அவர். எழுத்தரம்மாவின் அடுத்த விசாரணை அன்றே, அந்த விரிப்பை அசல் ஆவணமாகக் கொண்டுவந்து சமர்ப்பிக்கும்படி சலவைக்கடைக்காரருக்கு ஓலை போனது.

எழுத்தரம்மா அன்று மேஜையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து கைகளைக் கோத்துக்கொண்டிருந்தார். விரிப்பில் அவருடைய முத்திரை முப்பத்தெட்டு இடத்தில் இருக்கிறது. இடைநீக்கத்துக்கு ஒன்றே போதும்.

சலவைக்கடைக்காரர் உள்ளே வந்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். மடித்துக் காகிதத்தில் சுற்றிய பொதியை மேஜைமேல் வைத்து, சுற்றுக் காகிதத்தைப் பிரித்து, விரிப்பை உதறி மேஜை முழுக்க விரித்தார். பால் மாதிரி இருந்தது. மடிப்புக் கோடுகள் கத்தி போல நின்றன. லேசாகச் சவுக்காரமும் வெயிலும் மணந்தது.

எட்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆலோசகர் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனார்.

“எழுத்தே இல்லையே” என்றார் இணை இயக்குநர்.

“இருந்துச்சுங்க. துவைச்சுட்டேன்.”

“துவைச்சுட்டீங்களா?”

“தண்ணி வந்துச்சே” என்றார் சலவைக்கடைக்காரர். “வந்த அன்னைக்கே நாங்க தொடங்கிட்டோம். கடையில கிடந்ததை எல்லாம் துவைச்சோம். இதுதான் கொஞ்சம் படுத்திடுச்சு. ஊதா மை மூணு தண்ணியில போச்சு. அந்த அம்மாவோட கண் மைக்குத் தனியா ஊற வைக்க வேண்டியதாயிடுச்சு. அரசாங்கத்துக்குக் கொண்டுபோறது, அழுக்கா எப்படிக் கொண்டுபோறதுன்னு நானே உக்காந்து தேய்ச்சேன். வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. ஒரு புள்ளி இருக்காது.”

இணை இயக்குநர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. பெயர் இல்லை, தேதி இல்லை, புகார் இல்லை, முத்திரை இல்லை. அவர் முகத்தில் பல வாரமாக இருந்த இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. ஆலோசகர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, தம் காலத்துத் தாள்கள் இப்படித்தான் இருந்தன என்று தழுதழுத்தார்.

குழுவின் இறுதி அறிக்கை அன்றே தயாரானது. சமர்ப்பிக்கப்பட்ட ஆவணம் ஆராயப்பட்டதில் அதில் புகார் எதுவும் காணப்படவில்லை. எனவே தாமதமும் இல்லை. எழுத்தரம்மாவின் முத்திரையும் காணப்படாததால் அவர்மீது நடவடிக்கை தேவையில்லை. துறையில் இயல்புநிலை முழுமையாகத் திரும்பிவிட்டதாக அறிவிக்கப்படுகிறது. தடை நீங்கியது. அந்தக் கோப்பைத் தொடக் கூடாது என்ற முதல் ஆணையை ரத்து செய்ய மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. விரிப்பைக் குழு தன்னிடமே வைத்துக்கொண்டது. சலவைக்கடைக்காரர் திருப்பிக் கேட்டுப் பார்த்தார். அது விடுதிக்காரருடையது என்றும் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி எழுத்தரம்மா புதுத் தாளைத் திறந்தார். பதினான்கு அளவு எழுத்து. அகலமான கட்டங்கள். வெளிர் பச்சைத் தலைப்பு. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினால், இணை இயக்குநர்.

“இது அப்படியே இருக்கே” என்றார் அவர்.

“இயல்புநிலை திரும்பிடுச்சுன்னு ஆணை வந்திருக்கு சார். கையெழுத்து உங்களது.”

இணை இயக்குநர் திரையைப் பார்த்தார். ஆணையை நினைத்துப் பார்த்தார். இதுதான் இயல்புநிலை என்று தாமே எழுதிக் கொடுத்த பிறகு இதைக் குறை சொன்னால், தம்மேலேயே ஒரு குழு போட வேண்டியிருக்கும். அப்போதுதான் தாம் நின்ற இடத்திலிருந்தே கண்ணாடி இல்லாமல் எல்லாவற்றையும் வாசிக்க முடிகிறது என்பது அவருக்கு உறைத்தது.

“ம். தெளிவாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு போனார்.

மேஜைக்கு முன்னால் ஒரு பெரியவர், பதினைந்து வருடமாகப் புகார் கொடுத்து அலுத்துப்போன முகத்தோடு நின்றார். ஊர், தெரு என்று இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துக்கொள்ளப் பார்த்தார்.

“முகவரியை முழுசாச் சொல்லுங்கய்யா” என்றார் எழுத்தரம்மா. “எவ்வளவு நீளமா இருந்தாலும் பரவாயில்லை.”